ஊக்கு

முதல் வகுப்பில் நான் கொடுத்த தலைப்பு ‘இயற்கை’. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பதினேழு பிள்ளைகள், பதினேழு தாள்கள். பதினொன்றில் நிலா. அதில் நாலில் நிலா மேகத்தோடு கண்ணாமூச்சி ஆடியது. மழை வந்த இடத்திலெல்லாம் அது வானத்தின் கண்ணீராகவே பெய்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. வெளியே ஒரு மரம், அதன் கிளையில் சிக்கிக் கிழிந்துபோன ஒரு பட்டம். காற்றடிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அதை ஒருவரும் எழுதவில்லை.

வீட்டுக்குப் போய்த் தாள்களை மறுபடி படித்தபோதுதான் தப்பு யாருடையது என்று புரிந்தது. ‘இயற்கை’ என்று சொன்னால் மனசு ஜன்னல் பக்கம் போகாது. இதற்கு முன் எங்கெங்கோ படித்த இயற்கைக் கவிதைகள் பக்கம்தான் போகும். பிள்ளைகள் என் கேள்விக்குச் சரியான விடை எழுதியிருந்தார்கள். கேள்விதான் சரியில்லை.

சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரையுள்ள பிள்ளைகளோடு கவிதை எழுதுகிறேன். எனக்கு இது வேலையில்லை. ஒரு பழக்கம் மாதிரி ஆகிவிட்டது. அங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம், “இன்ஸ்பிரேஷனே வரல அக்கா.” அதற்கு அடுத்தபடியாக, “எங்க வாழ்க்கையில ஒண்ணும் நடக்கலையே, எதை எழுதறது?”

இரண்டாவது வாக்கியம் ரொம்பப் பழையது. 1902-இன் கடைசியில், ராணுவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கப்பஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞர், தான் எழுதிய கவிதைகளை ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். 1903 பிப்ரவரியில் பாரிஸிலிருந்து பதில் வந்தது. பதில் எழுதிய ரில்கேக்கு அப்போது வயது இருபத்தேழுதான். அன்றாட வாழ்க்கை வறட்சியாகத் தெரிந்தால் வாழ்க்கையைக் குறை சொல்லாதே, அதன் செல்வத்தை வெளியே கொண்டுவர உனக்குத் தெரியவில்லை என்று உன்னையே குறை சொல்லிக்கொள் என்கிறார். சிறைக்குள் அடைபட்டுக் கிடந்தாலும் உன் குழந்தைப் பருவம் உன்னோடு இருக்குமே என்றும் கேட்கிறார்.

எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் போய் “உன்னையே குறை சொல்லிக்கொள்” என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்த வயதில் தன்னைக் குறை சொல்லிக்கொள்வதுதான் அதற்கு முழுநேர வேலை. ஆகவே அந்தப் பாதிப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் இருப்பதை வெளியே எடுக்கத் தெரியவில்லை என்றால், எடுக்கிற மாதிரிக் கேள்வி கேட்பது என் பாடு.

ஒரு பையன். பதினைந்து வயது. அம்மா கட்டாயத்தில் வந்திருந்தான் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பையை மடியில் வைத்து, அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது மணி அடிக்கும் என்ற முகம். “எனக்குக் கவிதையெல்லாம் வராதுக்கா” என்றான்.

“சரி, வரவேண்டாம். அந்தப் பையில ஜிப்புக்குப் பதிலா என்னமோ தொங்குதே, அது என்ன?”

“ஊக்கு.”

“நீ மாட்டினதா?”

“இல்ல. அப்பா.”

“கேட்டியா அவர்கிட்ட?”

“கேக்கல. ஜிப் அறுந்ததை நான் சொல்லவே இல்ல. காலைல பாத்தா மாட்டியிருந்தது.”

“அவர் ஏதாவது சொன்னாரா?”

“அவர் எதுக்குச் சொல்லணும்?” என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போ என்னிடம் சொன்னதை அப்படியே, எதையும் சேர்க்காமல் எழுது என்றேன். எழுதினான்:

பையின் ஜிப் போன வாரம் அறுந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
காலையில் அந்த இடத்தில் ஓர் ஊக்கு.
அப்பாவும் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவதாக ஒரு வரியும் இருந்தது: ‘இதுதான் ஒரு தந்தையின் பாசம்.’ அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்கச் சொன்னேன். படித்தான். விரலை எடுத்துவிட்டு ஒருமுறை, வைத்து ஒருமுறை. பிறகு அவனே பேனாவை எடுத்து அடித்தான். நாலாவது வரியில் வரும் அந்த ‘உம்’மை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. தமிழ் பேசும் வாய்க்கு அது தானாக வந்தது.

ஊக்கு என்றால் சேஃப்டி பின் என்ற பொருளும் உண்டு, ஊக்கப்படுத்து என்ற பொருளும் உண்டு என்பதை அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். இன்ஸ்பிரேஷன், இன்ஸ்பிரேஷன் என்று நாங்கள் வாரக்கணக்கில் தேடியது அந்தப் பையில் குத்திக்கொண்டு தொங்கியிருக்கிறது.

அன்றிலிருந்து தலைப்புக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பொருளைக் கொடுக்கிறேன், அல்லது அவர்களிடமே இருக்கும் ஒன்றை மேசை மேல் வைக்கச் சொல்கிறேன். சாவி, கழன்ற பித்தான், மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால், மூடி தொலைந்த பேனா. புத்தம் புதுப் பொருள் என்றால் வேலைக்கு ஆகாது. கீறல் இருக்கவேண்டும், ஒட்டு இருக்கவேண்டும். கீறல் இருந்தால் அதற்கு முன்னால் என்னமோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் ஐந்து நிமிடம் எழுதக்கூடாது, பார்க்க மட்டும்தான். ஐந்து நிமிடம் ஒரு சாவியைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் எரிச்சல் வரும். மூன்றாவது நிமிடத்தில் சாவியின் ஒரு பல் மட்டும் மற்றதைவிட அதிகம் பளபளப்பதைப் பார்ப்பீர்கள்.

இதற்கு முன்னோடி நம் மொழியிலேயே இருக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. அவர்கள் பாட்டில் வந்த ஒரு தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். எனக்கு ரொம்பப் பிடித்தவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஊருக்குத் திரும்பி அவளைப் பார் என்கிறது நெஞ்சு, வந்த வேலையை முடி என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கும், புரி தேய்ந்த பழைய கயிறு மாதிரி நடுவில் என் உடம்பு அழியவேண்டியதுதானா என்று கேட்கிறான் பாட்டில் வருகிறவன். புலவரின் பெயர் போயே போய்விட்டது. கயிறு இருக்கிறது. இரண்டாயிரம் வருடம் நெருங்குகிறது, இன்னும் அறவில்லை.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்களுக்கும் பேர் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பையன் ஜிப்பறுந்தார். முனை பிய்ந்து செப்புக் கம்பி தெரியும் சார்ஜரைப் பற்றி எழுதிய பெண் தேய்புரிச் சார்ஜரினார். வகுப்புக்கு எப்போதும் லேட்டாக வருகிறவனுக்கு மற்றவர்களே ஒரு பேர் வைத்தார்கள், அதை இங்கே எழுத வேண்டாம். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு, எழுதி முடித்ததும் “இதுல எனக்குப் பேர் வைக்கிற மாதிரி ஒரு தொடர் இருக்கா?” என்று தாங்களே தேட ஆரம்பித்தார்கள். நான் இதைவிட நல்ல அளவுகோல் எதையும் கண்டுபிடித்ததில்லை.

பிறகு தடை. கரும்பலகையில் ஒரு பட்டியல் போட்டேன்: நிலா, இதயம், கண்ணீர், மௌனம், தனிமை, வானவில், சிறகு. இவை எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் விடுமுறை. பிள்ளைகளுக்குத் தடை என்றால் ஒரே குஷி, எப்படி மீறலாம் என்று யோசிப்பார்களே. கண்ணீர் என்று எழுதக்கூடாது என்றதும் ஒரு பெண் ‘பாட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் மட்டும் ஆவி படிந்திருந்தது’ என்று எழுதினாள். கண்ணீர் அனுமதிக்கப்பட்டிருந்தால் அந்தக் கண்ணாடி வந்திருக்காது.

தடை ஒரு பக்கம் என்றால் பொய் இன்னொரு பக்கம். கவிதை என்றால் மனசைத் திறந்து உண்மை பேசுவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மிரட்டல். ஏன் மற்றவர் முன்னால் மனசைத் திறக்கவேண்டும்? கென்னத் கோக் என்ற அமெரிக்கக் கவிஞர் 1968-இல் நியூயார்க்கில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளிக்குக் கவிதை எழுதவைக்கப் போனபோது, முதல் நாள் வகுப்பு முழுவதையும் சேர்த்து ஒரே கவிதை எழுத வைத்தார். ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியும் ஆசையில் ஆரம்பிக்கவேண்டும், அதில் ஒரு நிறம், ஒரு காமிக்ஸ் பாத்திரம், ஒரு நகரமோ நாடோ வரவேண்டும். எதுகை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இந்த விதியைப் படித்தால் அபத்தமாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் அதன் புத்திசாலித்தனம் தெரியும். நிறத்தையும் ஊரையும் எங்கே செருகுவது என்று மூளை மும்முரமாக இருக்கும்போது, பயம் ஓரமாகப் போய் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் உண்மை நுழைகிறது.

நான் அதைக் கொஞ்சம் மாற்றி, மூன்று பொய்யும் ஓர் உண்மையும் கலந்து நாலு வரி எழுதச் சொன்னேன். எது உண்மை என்று யாரும் கேட்கக்கூடாது. ‘எங்கள் வீட்டில் ஏழு மாடி. எனக்கு நீச்சல் தெரியும். அண்ணன் வாரா வாரம் கூப்பிடுகிறான். எனக்கு யானை என்றால் பயம்’ என்று ஒருத்தி எழுதினாள். யாரும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது வரியைப் படிக்கும்போது அவள் குரல் இறங்கியது எல்லாருக்கும் கேட்டது.

எதுகை வேண்டாம் என்று கோக் சொன்னதை நான் பாதிதான் ஏற்கிறேன். ‘பெண்ணே, கண்ணே, விண்ணே’ என்று ஆரம்பித்தால் கவிதையை அதுதான் ஓட்டும், எழுதுகிறவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் சத்தத்தை மொத்தமாகத் துரத்திவிட்டால் தமிழில் பாதி சொத்து போய்விடும். அதனால் வேறு வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டேன்: இரட்டைக்கிளவி. சலசல, கிடுகிடு, வெடவெட என்று நம்மிடம் ஒரு மூட்டையே இருக்கிறது. சத்தத்துக்கு மட்டுமில்லை, மினுமினுப்புக்கும் பிசுபிசுப்புக்கும்கூட உண்டு. இன்னும் பெயர் வைக்கப்படாத சத்தங்களுக்கு நீங்கள் வையுங்கள் என்றேன். மேசை மேல் போன் அதிரும் சத்தம். செலோடேப்பைப் பிரிக்கும் சத்தம். பக்கத்து அறையில் அம்மாவும் அப்பாவும் மெதுவாகச் சண்டை போடும் சத்தம். கடைசியில் சொன்னதை நான் பட்டியலில் வைக்கவில்லை, ஒரு பையன் சேர்த்தான். அவன் கண்டுபிடித்த கிளவி ‘குசுர்குசுர்’. குசுகுசுவுக்குள் ஒரு ‘ர்’ போட்டிருந்தான். அந்த ஒற்றெழுத்துக்குள் ஒரு வீடே இருந்தது.

காதல் கவிதையைத் தவிர்க்க முடியாது. முதலில் காதல் கவிதை எழுதவேண்டாம் என்று கப்பஸுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் ரில்கே சொல்கிறார். எல்லாரும் எழுதித் தேய்ந்த வடிவம், அதில் புதிதாகச் சொல்வது கடினம் என்பது அவர் வாதம். வாதம் சரி, ஆனால் பதினாறு வயதுக்கு வேறு என்ன அவசரமான விஷயம் இருக்கிறது? வேண்டாம் என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்கள், நமக்குத்தான் காட்டமாட்டார்கள். நான் செய்வது, செம்புலப்பெயனீராரை எழுதிப்போடுவது. ஐந்தே வரி. முதல் மூன்று வரியில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். உன் அம்மா யார், என் அம்மா யார், அப்பாக்கள் என்ன உறவு, நாம் எப்படிப் பழக்கம்? “அக்கா, இது விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கு” என்றான் ஒருவன். ஆமாம், அதுதான் அழகு. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் நிரப்ப முடியவில்லை. அதற்குப் பிறகு நாலாவது வரியில் செம்மண்ணில் மழை விழுகிறது.

அப்போது சார்ஜரினார் கையைத் தூக்கினாள். “அக்கா, கடைசி வரியில நெஞ்சம் இருக்கு. இதயம் தடை பண்ணியிருக்கீங்க.” வகுப்பே சிரித்தது. நாலு வரி உழைத்த பிறகு அஞ்சாவதில் நெஞ்சம் போட்டுக்கொள்ளலாம் என்று ஏதோ சமாளித்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவள் எழுதி வந்ததில் முதல் ஆறு வரியும் பஸ் நேர அட்டவணை.

போனைக் கேட்டால் நொடியில் கவிதை வந்துவிடுகிறதே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். ஒருநாள் எல்லாரும் சேர்ந்தே கேட்டுப் பார்த்தோம், அப்பாவைப் பற்றி. தோள் வந்தது, வியர்வை வந்தது, வேர், நிழல், ஆலமரம் எல்லாம் வரிசையாக வந்தன. ஜிப்பறுந்தார் முழுசாகப் படித்துவிட்டு, “ஊக்கு இல்லையே” என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, சிரித்துக்கொண்டே சொல்ல முடியாதது. ஒரு வாரம் ஒரு தாள் வந்தது. நல்ல கையெழுத்து, இறுக்கமான எட்டு வரி. நாளைக் காலையில் தன் செருப்பு மட்டும் வாசலில் இருப்பதாக ஒரு படிமம். படித்ததும் என் வாயில் வந்தது “பிரமாதம்”. வந்ததை விழுங்கிவிட்டுத் தாளை மறுபடி படித்தேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “சாகணும்னு தோணுதா?” நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை தலையாட்டியது. அன்றைக்கே, அதனிடம் சொல்லிவிட்டுத்தான், வீட்டாரிடம் பேசினேன். உரியவர்களிடம் அழைத்துப் போனார்கள். இப்போது வகுப்புக்கு வருகிறது, நிறைய பேசுகிறது, கொஞ்சமாக எழுதுகிறது. அந்தப் படிமம் நன்றாக இருந்தது என்பதை நான் இதுவரை சொல்லவில்லை. எல்லாச் சோகக் கவிதையும் இப்படியில்லை. அந்த வயதில் சோகம் எழுதிப் பார்ப்பது சட்டை போட்டுப் பார்ப்பது மாதிரிதான் பெரும்பாலும். ஆனால் எது எது என்று தாளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆளைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும்.

எழுதியதை என்ன செய்வது என்பதிலும் நான் நிறைய சொதப்பியிருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் “சூப்பர்” சொன்னேன். இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். சூப்பருக்கு மதிப்புப் போய்விட்டது. அப்புறம் சிவப்பு மையில் திருத்தினேன். ஒரு பெண் ஒரு மாதம் வரவேயில்லை. இப்போது இரண்டையும் செய்வதில்லை. அவர்கள் எழுதியதை நான் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன், அவ்வளவுதான். தன் வரி இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது எங்கே தட்டுகிறது என்று எழுதியவருக்கே கேட்டுவிடும். படித்த பிறகு எனக்கு எந்த வரி தங்கியது என்று மட்டும் சொல்வேன். எது பிடிக்கவில்லை என்று சொல்வதில்லை. தங்காத வரிகள் தாமாகவே அடுத்த வாரம் காணாமல் போகின்றன.

ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்கிறேன்: கடைசி வரியை விரலால் மறைத்துப் பார். பத்துக்கு ஏழு தடவை அது ‘இதுதான் தந்தையின் பாசம்’ வகையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடக் கட்டுரையில் முடிவுரை எழுதி எழுதிப் பழகிய கை, கவிதையிலும் முடிவுரை எழுதிவிட்டுத்தான் ஓயும்.

போன சனிக்கிழமை அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “எப்பவும் நாங்களே எழுதறோம், இன்னைக்கு நீங்க எழுதுங்க.” ஒருவன் பையிலிருந்து வார் இல்லாத பழைய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். இன்னொருத்தி போனில் நேரம் வைத்தாள். ஐந்து நிமிடம் பார்க்க, பத்து நிமிடம் எழுத. கரும்பலகையில் விடுமுறைப் பட்டியல் அப்படியே இருந்தது.

கடிகாரம் ஓடவில்லை. நாலு இருபதில் நின்றிருந்தது. கண்ணாடியில் ஒரு விரிசல், சரியாக ஒன்பதுக்குக் குறுக்கே. நான் முதலில் எழுதியது ‘காலம்’. அடித்தேன். அடுத்து எழுதியதில் சிறகு வந்துவிட்டது. எதிர்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கை வியர்த்தது. இத்தனை நாள் இவர்களை இப்படித்தான் உட்காரவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஏழாவது நிமிடத்தில், அப்பாவின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டும் இடம் மட்டும் வெளுத்திருக்கும் என்பது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றிக் கொடுத்த அன்று அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தேன் என்பதும்.

ஐந்து வரி எழுதினேன். ஜிப்பறுந்தார் தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தான். நான் படிப்பது மாதிரியே நிதானமாக, எங்கும் நடிக்காமல். அறையில் சத்தமில்லை. படித்து முடித்ததும் அவன் என்னைப் பார்க்கவில்லை. தாளைக் கீழே வைத்து, கடைசி வரியின் மேல் ஆள்காட்டி விரலை நீட்டி வைத்தான்.

“அக்கா, இப்படிப் படிச்சுப் பாருங்க.”